விட்டுக்கொடுத்ததற்குச் சான்று இணைக்கவும்

1

அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் சென்னையிலிருந்து இதைப் படிக்கும் நண்பர்கள், நான் எந்த இடத்தில் பழியைத் தூக்கி அடுத்தவன் தலையில் போடப்போகிறேன் என்று வரிக்கு வரி தேடிக்கொண்டிருப்பார்கள். அப்படித் தேட அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மயிலாப்பூர் பக்கம் நான் படித்த கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு வருடாவருடம் ஒரு விருது கொடுக்கிறோம். ஜெரால்டு நினைவு விருது. அதிகப் புள்ளி எடுத்தவருக்கு அல்ல. பந்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்குக் கொடுத்து ஆடும் தன்னலமற்ற ஆட்டக்காரருக்கு. ஜெரால்டு எங்களோடு ஆடியவன், பட்டினப்பாக்கத்துக்காரன். ஒன்பது வருடங்களுக்கு முன், இதே பிப்ரவரியில், மாரடைப்பில் போய்விட்டான். விருதை நடத்துவது பழைய ஆட்டக்காரர்களான நாங்கள். அதாவது, வேலை பார்ப்பது ஜாகிர், யோசனை சொல்வது நான். கனடாவில் வினிபெக் நகரத்தில் கால்களுக்குக் கீழே ஹீட்டரை வைத்துக்கொண்டு யோசனை சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை.

எட்டு வருடம் படிவம் எதுவும் இல்லாமல்தான் நடந்தது. பரிசு ஒரு கேடயமும் ஒரு ஜோடி ஷூவும். ஜாகிருக்குத் தி.நகரில் பை, சூட்கேஸ் விற்கும் கடை. பக்கத்துக் கடையில் தள்ளுபடி போட்டார்கள் என்று முதல் வருடமே எட்டு ஜோடி ஷூவை மொத்தமாக வாங்கி அடுக்கிவிட்டான். எட்டும் பத்தாம் நம்பர். அதனால் எட்டு வருடமும் எங்கள் கல்லூரியில் யாருக்குப் பத்தாம் நம்பர் காலோ அவனே தன்னலமற்றவன். ஒரு வருடம் பரிசு வாங்கியவன், அதற்கு முந்தின வாரம்தான் சொந்த அணிப் பையனின் மூக்கை முழங்கையால் உடைத்திருந்தான்.

“மூக்குக்கு நான் இன்னா பண்ண முடியும் மச்சி? கால் கரெக்டா கீதே” என்றான் ஜாகிர்.

போன வருடம் கடைசி ஜோடி. எட்டு வருடம் பெட்டியில் கிடந்த ஷூ. வாங்கிய பையன் மேடையிலேயே போட்டுப் பார்த்தான். நாலு அடி நடந்ததும் வலது கால் சோல் தனியாகப் பின்தங்கிவிட்டது. வீடியோவில் அதைப் பார்த்தபோதுதான், இனி இதை முறைப்படி நடத்தியே தீருவது என்று முடிவு செய்தேன்.

நான் இங்கே ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் படிவம் சரிபார்ப்பவன். பதினேழு வருடமாக நாளுக்கு எட்டு மணி நேரம், கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்க்கிறேன். வந்த புதிதில் இந்த ஊர்ப் படிவங்கள் என்னை அழவைத்தன. இப்போது நான் மற்றவர்களை அழவைக்கிறேன். அந்த அனுபவம் அத்தனையையும் இறக்கி, இரண்டு பக்கத்தில் விருதுக்கான விண்ணப்பத்தைத் தயாரித்தேன். அதன் நான்காவது கட்டம்: ‘கடந்த ஓராண்டில் தாங்கள் விட்டுக்கொடுத்த மூன்று சந்தர்ப்பங்களை விவரிக்கவும். சான்று இணைக்கவும்.’ ஏழாவது கட்டம்: ‘இவ்விருதை ஏன் தங்களுக்கே தர வேண்டும்?’

தன்னலமில்லாதவன் ஏழாவது கட்டத்தை எப்படி நிரப்புவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜாகிருக்கும் தோன்றவில்லை. கல்லூரியில் யாருக்குமே தோன்றவில்லை. விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

ஒரு பையன் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்ததற்குச் சான்றாகப் பஸ் டிக்கெட்டை ஒட்டியிருந்தான். இன்னொருவன் தம்பிக்குச் செல்போனை விட்டுக்கொடுத்ததாக எழுதித் தம்பியிடமே கையெழுத்து வாங்கியிருந்தான். பதினெட்டு வயது ஆகாதவர் கையெழுத்து செல்லாது என்று நான் அதைத் திருப்பி அனுப்பினேன், பழக்கதோஷம். ஒருவன் தான் காதலித்த பெண்ணை நண்பனுக்காக விட்டுக்கொடுத்தானாம். சான்று என்ற இடத்தில் நண்பனின் கல்யாணப் பத்திரிகை. நான்காவது ஆள் சந்தேகம் கேட்டிருந்தான்: “விட்டுக்குடுத்த பொருள் திரும்பக் கெடச்சிட்டா சேத்துக்கலாமா சார்?”

2

இப்போது ஜெரால்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஆடுகளத்துக்கு வெளியே அவன் எதையும் தனக்கென்று வைத்துக்கொண்டதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரும் வறுத்த நெத்திலியில் அவன் வாய்க்குப் போவது கடைசி நாலு. களத்துக்குள் வந்துவிட்டாலோ, எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டான். பந்து கையில் கிடைத்தால் அவ்வளவுதான். நாங்கள் நாலு பேரும் அவனோடு கூடவே ஓடி, கூடவே திரும்பி வருவோம். உடம்புக்கு நல்லது. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்களே, அதை வைத்து அவனுக்கு ‘முதலை’ என்று பெயர் வந்தது. கல்லூரி முழுக்க அதே பெயர். எதிரணிக்காரர்கள்கூட “முதலையைப் புடிங்கடா” என்று கத்துவார்கள்.

அவன் இறந்த செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். மேலதிகாரியிடம் போய், நம் ஊர் ஆங்கிலத்தில், “என் நண்பர் எக்ஸ்பயர் ஆகிவிட்டார்” என்றேன். ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகம் அது. அந்த அம்மாள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், எத்தனை நாள் தாண்டிவிட்டது, இப்போதும் புதுப்பிக்கலாமே என்றார். விளக்கிச் சொன்னதும் பாவம், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜெரால்டுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்திருக்கும்.

ஊருக்குப் போக முடியவில்லை. கல்லூரிக் களத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நான் போனில் பேச, ஜாகிர் போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான். எதிரே ஜெரால்டின் மனைவி, ஒன்பது வயது மகள். என்ன பேசுவது? துக்க வீட்டில் நல்லதாக ஒரு பொய் சொன்னால் பாவமில்லை என்று நினைத்தேன். “எங்கள் ஜெரால்டு ஒருநாளும் பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டதில்லை. எப்போதும் கொடுத்துவிடுவான்” என்றேன். அந்தப் பக்கம் பலமாக இருமல் சத்தம் கேட்டது. பழைய அணி மொத்தத்துக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டியிருக்க வேண்டும்.

கல்லூரி முதல்வர் அந்த இருமலை அழுகை என்று எடுத்துக்கொண்டார். அங்கேயே எழுந்து விருதை அறிவித்துவிட்டார். என் பொய்க்குக் கேடயம் செய்து, எட்டு வருடம் கைதட்டி வழங்கினோம்.

3

என் சனிக்கிழமைக் காலைகள் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கழிகின்றன. என் மகன் கவின், பதினான்கு வயது, இங்கே பேட்டைக் குழு ஒன்றில் ஆடுகிறான். வெளியே மைனஸ் இருபத்தைந்து. உள்ளே ஐம்பது ஈர ஷூக்களின் வாசனை. பெற்றோர் யாராவது புள்ளி குறிக்க வேண்டும் என்பது விதி. கட்டம் நிரப்பும் வேலை என்றதும் நான் கை தூக்கிவிட்டேன்.

கவினுக்கு நான் வருவதில் ஒரே ஒரு நிபந்தனை. “அப்பா, ப்ளீஸ், நோ கத்தல்.” அவன் தமிழ் இப்போது அவ்வளவில் இருக்கிறது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இது நடப்பதே பெரிய விஷயம் என்று என் மனைவி சொல்வாள்.

இங்கே புள்ளித்தாளில் ‘அசிஸ்ட்’ என்று ஒரு கட்டம் உண்டு. கூடை போட்டவனுக்கு இரண்டு புள்ளி என்றால், அவனுக்குப் பந்தைக் கொடுத்தவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு. முதல் முறை அதைப் பார்த்தபோது பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் ஆடிய காலத்துத் தாளில் போட்டவன் பெயர் இருக்கும், ஃபவுல் செய்தவன் பெயர் இருக்கும். கொடுத்தவன் பெயருக்கு இடமே கிடையாது.

மூன்று வாரங்களுக்கு முன் அந்த மேஜையில் இருக்கும்போதுதான் ஜாகிரின் குரல் பதிவு வந்தது.

“மச்சி, முதலை பொண்ணு மெர்லின் கீதில்ல, நம்ம காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் சேந்து லேடீஸ் டீம்ல ஆடிக்கினு இருந்துச்சி. இப்ப டீம உட்டுப் போறேன்னு சொல்லுது. எல்லாம் நீ கெளப்புன பூதம். நீயே வந்து அடக்கு.”

அடுத்து அந்தப் பெண்ணே எழுதியிருந்தாள்.

“சங்கர் அங்கிள், நான் மெர்லின். நான் பாஸ் குடுக்கறதில்லன்னு கோச் மேடம் டெய்லி திட்றாங்க. உங்கப்பா பேர்ல பாஸ் குடுக்கறதுக்கே அவார்டு கீது, அவர் பொண்ணா நீன்னு கேக்கறாங்க. எங்கப்பா மெய்யாலுமே பாஸ் குடுப்பாரா? அம்மா மேட்ச் பாத்ததே இல்ல. ஜாகிர் அங்கிள கேட்டா சிரிக்கிறாரு. அன்னிக்கி மைக்ல சொன்னது நீங்கதானாம். ஒரே ஒரு பாஸ் சொல்லுங்க அங்கிள். இல்லன்னா மண்டே லெட்டர் குட்த்துட்டு வந்துருவேன்.”

அதற்குப் பிறகு அன்றைய ஆட்டத்தில் நான் குறித்த கோடுகள் எதற்கும் நான் பொறுப்பில்லை.

4

ஆட்டம் முடிந்து காரை ஓடவிட்டு, கண்ணாடியில் படிந்த பனி உருகும்வரை காத்திருந்தோம். கவின் பின் இருக்கையில் காதில் பாட்டோடு இருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மெர்லினை அழைத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

“மெர்லின், எப்படிம்மா இருக்கே?”

“கீறேன் அங்கிள். சொல்லுங்க.”

“உங்கப்பா குடுத்த பாஸ் ஒண்ணா, ரெண்டாம்மா! எதைன்னு சொல்றது...”

“ஒண்ணு போதும்.”

“சைதாப்பேட்டைல ஒரு டோர்னமென்ட்...”

“யார் கூட மேட்ச்?”

நான் ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னேன்.

“ஸ்கோர் இன்னா?”

“அது... பழைய கதைம்மா.”

“ப்ரூஃப் கீதா அங்கிள்?”

“ப்ரூஃபா?”

“நீங்கதான ஃபாரம்ல கேட்டீங்க, சான்று இணைக்கவும்னு.”

பதினேழு வருடத்தில் என் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்து யாரும் என்னைச் சான்று கேட்டதில்லை. நான் வேறு ஒரு பாஸைச் சொல்ல ஆரம்பித்தேன். இருபத்தெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

முதல் வருடம். நந்தனத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான அரையிறுதி. கடைசி ஐந்து விநாடி, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். பந்து ஜெரால்டிடம். அவனை மூன்று பேர் மொய்த்துக்கொண்டார்கள். நான் கூடைக்கு நேர் கீழே, பக்கத்தில் ஈ காக்கா இல்லாமல் நிற்கிறேன், இரண்டு கையையும் காட்டுகிறேன். அந்தக் காலத்து ஜெரால்டு கொடுப்பான், நன்றாகக் கொடுப்பான். மூன்று பேருக்கு நடுவிலிருந்து, ஒரு கையால், தரையில் ஒருமுறை தட்டி, என் நெஞ்சுக்கு நேராகப் பந்து வந்தது. தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல என்று சொல்வோமே, அப்படி. அது என் இரண்டு கைக்கும் நடுவில் புகுந்து, பின்னால் போய், மேஜையில் இருந்த தண்ணீர் கேனைச் சாய்த்துவிட்டு நின்றது.

எங்கள் பயிற்சியாளர் பி.டி. சார் அந்த நேரம் பார்த்து, கடிகாரத்தைப் பற்றி மேஜைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பினார். சட்டையெல்லாம் தண்ணீர். “எவன்டா உட்டது?” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஜெரால்டு கை தூக்கினான். “நான்தான் சார். பாஸ் அகலமா போட்டுட்டேன்.”

“உனக்கு எதுக்குடா பாஸு? நீயே போட வேண்டியதுதான? இனிமே பால் உன் கைக்கு வந்தா நீயே போடணும். எவனுக்காவது குடுத்தே, டீம்ல இருக்கமாட்டே.”

அவன் தலையாட்டினான். அணியின் மற்றவர்கள் தூரத்தில், நடுக்கோட்டருகே; பந்து வெளியே போனது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும், சார் சொன்னது கேட்டிருக்காது. கல்லூரி முடியும்வரை அந்தச் சொல்லை மீறவில்லை. இடம் போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்க இருந்த வேலையும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன்.

“அப்ப முதலைன்னு பேர் வெச்சது யாரு?”

இந்தக் கேள்வியை மட்டும் அவள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

“நான்தாம்மா.”

“செம ஆளு அங்கிள் நீங்க.”

“ஆமாம்மா.”

“அதுக்கப்புறம் எங்கப்பா உங்கள ஒண்ணுமே சொல்லலியா?”

“ஒரு வார்த்தை சொன்னதில்ல. பி.டி. சார் லீவுல இருந்த நாள்ல, ப்ராக்டிஸ்ல, பால் வெச்சுக்கினு என்னைப் பாப்பான். நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்.”

“கை காட்டவே இல்லியா?”

“இல்ல.”

“இன்னாத்துக்கு?”

“மறுபடி விட்டுருவேனோன்னு பயம்.”

இதைச் சொன்னதும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் எனக்குப் பந்து கொடுக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் கதை சொல்லியிருக்கிறேன். நான் கேட்கவில்லை என்பதை அதில் சேர்த்ததே இல்லை.

“எங்க டீம்லயும் ஒரு சங்கர் அங்கிள் கீறா” என்றாள் மெர்லின்.

“யாரு?”

“ஐஸ்வர்யா. என் பேட்ச். பால் வந்தா கண்ண மூடிக்குவா அங்கிள். மொத மேட்ச்ல ரெண்டு தடவ குட்த்தேன், ரெண்டும் உட்டா. இன்னொரு தடவ உட்டா கோச் மேடம் அவள தூக்கிடுவாங்க. அத்தொட்டுதான் நான் குடுக்கறதில்ல.”

“இதை மேடம்கிட்ட சொன்னியா?”

“இன்னா அங்கிள் நீங்க, அத்த எப்டி சொல்றது?”

நீ உன் அப்பா பெண்தான் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவள் அதைப் பெரிய காரியம் என்றே நினைக்கவில்லை. என் படிவத்தின் நான்காவது கட்டத்தில் எழுதவேண்டிய சமாசாரம் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

“மண்டே போறியாம்மா?” என்றேன்.

“லெட்டர் எய்தி பேக்ல வெச்சிருக்கேன். பாக்கலாம் அங்கிள். அம்மா கூப்புடுது.”

கண்ணாடி எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. காரைக் கிளப்பினேன். பின்னாலிருந்து கவின், “யூ ட்ராப்ட் இட்?” என்றான். பாட்டு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவனுக்குப் பட்டினப்பாக்கத்துத் தமிழ் புரியும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

“ஆமாண்டா.”

இரண்டு சிக்னல் தாண்டும்வரை யோசித்துவிட்டு, “இட்ஸ் ஓகே அப்பா. எல்லாரும் விடும்” என்றான். விடுவாங்க என்று திருத்த வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன்.

5

வீட்டுக்கு வந்ததும் பழைய அணியின் வாட்ஸப் குழுவில் எல்லாவற்றையும் பேசிப் பதிவாகப் போட்டேன். ஏழு நிமிடம். ஒருவன், “அந்தத் தண்ணி கேன் நானாச்சே தூக்கிக்கினு வந்தேன்” என்று எழுதினான். இன்னொருவன் அரையிறுதிக்கு நஷ்டஈடு கேட்டான். ஜாகிர் மட்டும் எதுவும் எழுதவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

“இருபத்தெட்டு வருஷம் அவன முதலைன்னு கூப்புட்டோமேடா.”

“ஆமாண்டா.”

“அவன் ஒரு தடவ கூட... சரி, உடு. அழுவாத. நானும் அழுதா கஸ்டமர் பாக்கறாங்க.”

படிவத்தை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அவனிடம் சொன்னேன். விருது யாருக்கு என்பதை உடன் ஆடுகிறவர்களே கூடிப் பேசிச் சொல்லட்டும், நமக்கு அந்தத் தகுதி இல்லை என்றேன். “அத்த எட்டு வருஷம் முந்தி சொல்லி இருக்கணும்” என்றான்.

கோச் மேடத்திடம் ஜெரால்டின் கதையைச் சொல்ல அவனே போவதாகச் சொன்னான். ஐஸ்வர்யாவின் பெயரை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை. இதிலும் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். சென்னையில் மாலைப் பயிற்சி முடிந்திருக்கும் நேரம். கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுப் பார்த்தேன். மெர்லின்.

“குட்த்தேன் அங்கிள். உட்டுட்டா.”

அடுத்தது வந்தது.

“மேடம் என்னத்தான் திட்னாங்க. அவ ஓரமா போய் நின்னுக்கினா. என் பக்கமே பாக்க மாட்றா. லெட்டர் இன்னும் பேக்லதான் கீது.”

அந்தக் குளிரில் வெறும் விரலால் எழுத்துக்களைத் தேடுவது சுலபமில்லை. மூன்று முறை தப்பாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தேன்.

“இன்னொரு தடவை குடும்மா.”